கிளையண்டும் கைரேகையும்

வக்கீல் குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் நாளே ஒரு சொல்லுக்காகத் திட்டு வாங்கினேன். வாசலில் ஒருவர் வந்து நிற்பதைப் பார்த்து, உள்ளே போய், "ஐயா, ஒரு கிராக்கி வந்திருக்கு" என்றேன். அதற்கு முன் இரண்டு வருஷம் திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக் கடையில் கணக்கு எழுதியவன் நான். அங்கே கடைக்கு வருகிறவரை அப்படித்தான் சொல்வோம். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது.

வக்கீல் ஐயா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கிராக்கி, பார்ட்டி எல்லாத்தையும் கடைத்தெருவோட விட்டுட்டு வந்திரு. நம்மகிட்ட வாரவங்க கிளையண்ட்" என்றார்.

அன்று மாலை அலமாரியிலிருந்து தடித்த அகராதியை எடுத்து எனக்குப் பாடமே நடத்திவிட்டார். கஸ்டமர் என்ற சொல் பழக்கத்திலிருந்து வந்ததாம். நாம் வாடிக்கை என்கிறோமே, அதே கணக்கு. கிளையண்ட் அப்படியல்ல, ரோமாபுரிக் காலத்துச் சொல். அங்கே எளிய ஜனங்கள் ஒரு பெரிய மனிதரை அண்டியிருப்பார்கள். விடிந்ததும் அவர் வாசலில் போய் நிற்பார்கள். வழக்கு என்று வந்தால் அவர்களுக்காக அவர் பேசுவார். அந்தச் சொல்லின் வேரைத் தோண்டினால் 'கேட்டு நடப்பவன்' என்று வருகிறதாம்.

எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. பெரிய மனிதர் வக்கீல் என்றால், அவர் வாசலைக் காக்கிற நான் பாதிப் பெரிய மனிதன்தானே. வருகிறவன் நிற்க வேண்டும், சொன்னதைக் கேட்க வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டேன். இருபத்திரண்டு வயதுத் திமிருக்கு அகராதியே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

மூக்கம்மாள்

சித்தையன்கோட்டைப் பக்கத்திலிருந்து மூக்கம்மாள் வந்தது அதற்கு மறு வருஷம். புருஷனை இழந்தவள். அரைக் குழி நிலமும் வீணாக்காமல் மல்லிகை போட்டிருந்தாள். கிணறு ஐந்து பேருக்குப் பொது. புருஷன் செத்த பிறகு, மற்ற நான்கு பங்காளிகளும் சேர்ந்துகொண்டு அவள் முறைக்குக் கமலை பூட்டித் தண்ணீர் இறைக்க விடவில்லை. செடி வாடிக்கொண்டிருந்தது.

வக்கீல் ஐயா இரண்டு நிமிஷம் கேட்டார். "கிணத்துப் பங்கு கேஸ்தானே, பழைய பிராதைப் பாத்து அடிச்சிடுப்பா" என்று சொல்லிவிட்டு வேறொரு கேஸ் கட்டைப் பிரித்தார். வேடசந்தூர்ப் பக்கத்துக் கிணற்று வழக்கு ஒன்றின் பிராது எங்களிடம் இருந்தது. ஊர், பேர், சர்வே நம்பரை மட்டும் மாற்றி இங்கிலீஷில் டைப் அடித்தேன்.

நான் அடித்துக்கொண்டிருக்கும்போது அவள் மேஜைக்கு எதிரே நின்றபடி, "அய்யா, எங்க முறை எப்படின்னா..." என்று ஆரம்பித்தாள். முறையெல்லாம் வக்கீலுக்குத் தெரியும், பேசாமல் இரு என்று அடக்கிவிட்டேன். பேசாமல்தான் இருந்தாள்.

அடித்து முடித்ததும் மை டப்பாவைத் தள்ளினேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் ரேகைக்கு மேலே ஒரு வரி வரும். தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது, சரியென்று ஒப்புக்கொண்டார் என்பது அதன் பொருள். அடியில் வாசித்தவன் கையெழுத்துப் போட வேண்டும். நான் வாசிக்கவில்லை. யாருக்குமே வாசித்ததில்லை. ஆனால் கையெழுத்து மட்டும் நன்றாகச் சுழித்துப் போடுவேன்.

இடைக்கால உத்தரவு கிடைக்கவில்லை. வாய்தா மேல் வாய்தா போனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் வந்து, கோர்ட் வேப்பமரத்தடியில் நிற்பாள். அடுத்த தேதியைச் சொல்லி அனுப்புவேன். அதற்கு மேல் அவளும் கேட்கமாட்டாள், நானும் சொல்லமாட்டேன்.

விசாரணைக்கு எடுத்தார்கள். அவள் கூண்டில் ஏறினாள். எதிர்த்தரப்பு வக்கீல் சாதாரணமாக, உன் முறை என்றைக்கு என்று கேட்டார். ஐந்து பங்கு, ஆளுக்கு ஒரு நாள், ஐந்து நாளைக்கு ஒரு தடவை என்று பளிச்சென்று சொன்னாள். அவர் பிராதைத் தூக்கிக் காட்டினார். அதில் 'வெள்ளிக்கிழமைதோறும்' என்று இருந்தது. பழைய வழக்கின் வெள்ளிக்கிழமை. மாற்ற மறந்திருந்தேன்.

எது பொய், பிராதா, இப்போது சொல்வதா என்று மடக்கினார். பிராதை உனக்கு வாசித்துக் காட்டினார்களா என்று அடுத்த கேள்வி வந்தது. மூக்கம்மாள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வாசிக்கலைங்க. ரேகை வைன்னாரு, வச்சேன்" என்றாள்.

அபிடவிட்

மத்தியானம் கோர்ட் கலைந்ததும் வேப்பமரத்தடிக்குப் போனேன். கத்துவாள், சாபம் விடுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து நின்றாள்.

"அய்யா, நான் அப்படிச் சொன்னதுல உங்களுக்குச் சங்கடமாப் போச்சா?" என்றாள். பிறகு, "காலைல செடிக்குக் குடத்துல சொமந்து ஊத்திட்டுத்தான் வாரேன். அம்புட்டுக்கும் ஊத்த முடியலை. முறை இனிமே கெடைக்காதாய்யா?" என்று கேட்டாள்.

என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. தப்பு என்னுடையது, அதற்குச் சங்கடப்பட்டது அவள்.

பிராதைத் திருத்த மனுப் போடலாம், ஆனால் தப்பு எப்படி வந்தது என்று சத்தியம் செய்து அபிடவிட் கொடுக்க வேண்டும். வக்கீல் ஐயா யோசித்து ஒரு வழி சொன்னார். கட்சிக்காரி முதலில் வெள்ளிக்கிழமை என்றுதான் சொன்னாள், படிக்காதவள், குழம்பிவிட்டாள் என்று எழுதலாம். ஆபீஸ் பேர் தப்பிக்கும். ஆனால் அப்படி எழுதினால் அவள் கூண்டில் சொன்ன எதையும் வழக்கை விசாரிக்கிற முன்சீப் நம்பமாட்டார். தண்ணீர் போனது போனதுதான்.

டைப் மிஷினில் தாளைச் செருகிவிட்டு ஐயா பக்கம் திரும்பினேன்.

"ஐயா, அந்தம்மா சொல்ல வந்துச்சு. நான்தான் சொல்ல விடலை. அப்படியே எழுதிடுறேன்."

"வாசிச்சதா வேற கையெழுத்துப் போட்டிருக்கியேப்பா. கோர்ட்டுல உன் மூஞ்சியில யாரு முழிப்பா?"

"அந்தம்மா மேல பழி போட்டு என்னால எழுத முடியாதுங்கய்யா."

அவர் அகராதி இருந்த அலமாரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அடி. பழைய பிராதைப் பாத்து அடிக்கச் சொன்னது நான்தான்னும் சேத்து அடி" என்றார்.

முன்சீப் அதை வாசித்துவிட்டு, நிமிர்ந்து எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையே தண்டனை. திருத்தத்தை அனுமதித்தார். நாலைந்து மாதம் கழித்து மூக்கம்மாளுக்குத் தீர்ப்பும் ஆனது, ஐந்து நாளைக்கு ஒரு முறை என்று. அதற்குள் தோட்டத்தில் பாதிச் செடி கருகிப் போயிருந்தது. அதை எந்தத் திருத்த மனுவாலும் மீட்க முடியவில்லை.

அதற்குப் பிறகு மேஜைக்கு எதிரே ஒரு ஸ்டூல் போட்டேன். வருகிறவர் உட்கார்ந்து முதலில் அவர் கதையைச் சொல்லட்டும், பிறகு தாளைச் செருகுவேன். அகராதி சொன்னது தப்பில்லை, கேட்பது முக்கியம்தான். யார் கேட்க வேண்டும் என்பதைத்தான் நான் தலைகீழாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

இதை இதோடு முடித்தால் நான் திருந்திய உத்தமன் ஆகிவிடுவேன். உண்மை அப்படியில்லை.

அறுபதுகளில் அந்தக் கிணற்றுக்குக் கரண்ட் வந்தது. மோட்டார் வைக்க ஐந்து பங்காளிகளும் சேர்ந்து உடன்படிக்கை எழுத எங்களிடமே வந்தார்கள். எல்லோரும் சமாதானம், வாசகமும் தமிழ், மற்ற நான்கு பேரும் தாங்களே படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கடைசிப் பஸ்ஸுக்கு அவர்களுக்கு அவசரம். மூக்கம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் கை போன போக்கில் மை டப்பாவை அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"வாசிங்கய்யா" என்றாள்.

பங்காளி ஒருவர், பஸ் போயிரும் என்று முனகினார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. நான் தாளை எடுத்து, முதல் வரியிலிருந்து வாசித்தேன். அவள் முறை வரும் இடத்தில் விரலை உயர்த்தினாள். அந்த இடத்தை இன்னொரு தடவை வாசித்தேன். முழுவதும் கேட்டு முடித்த பிறகுதான் பெருவிரலை மையில் வைத்தாள்.

வாசித்துக் காட்டப்பட்டது என்ற வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அன்று அது பொய்யாகாமல் போனது அவளால்தான்.