ஓட்டை விழுந்த பொன்னாங்கண்ணி

என் மனைவி நத்தை வளர்க்கிறாள். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் "எதுக்கு?" என்பார்கள். அப்புறம் "துன்னவா?" என்பார்கள். முதல் கேள்விக்கு நெடுநாள் என்னிடமும் பதில் இல்லை. அவள் நகரியில் விசைத்தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவள். "பொறந்ததுலேர்ந்து தடதடன்னு காதுல கேட்டுக்கினே வளந்தேன் மாமா. இதுங்க சத்தமே போடாது" என்று ஒருநாள் சொன்னாள். அதற்குப் பிறகு கேலியைக் குறைத்துக்கொண்டேன். முழுக்க விட்டுவிடவில்லை.

வரதய்யபாளையத்தில் எங்கள் வாடகை வீட்டு ஜன்னலோரம் பழைய மீன் தொட்டி ஒன்று. அதில் ஈர மண், ஒரு வல்லாரைச் செடி, ஐந்து நத்தைகள். தங்கைக்கு வளைகாப்பு என்று அவள் நான்கு நாள் நகரிக்குப் புறப்பட்ட அன்று வல்லாரை வெறும் காம்பாக நின்றது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே உத்தரவு போட்டாள்.

"புதுச் செடி ஒண்ணு வாங்கி வை மாமா. அரளி வேணாம், குரோட்டன்ஸ் வேணாம், பால் வர்றது எதுவுமே வேணாம். முக்கியமா மருந்து அடிச்சது வேணாம். அஞ்சு வுட்டுட்டுப் போறேன். வரும்போது அஞ்சு இருக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஸ்ரீ சிட்டியில் ஒரு பேக்டரியில் குவாலிட்டி செக்கிங். கீறலோ ஓட்டையோ கண்ணில் பட்டால் பீஸ் ரிஜெக்ட். இத்தனை வருஷமாக அதுதான் சோறு போடுகிறது. எனக்கே பொருள் பார்த்து வாங்கப் பாடமா?

லீவு நாளில் திருப்பதி ரோட்டிலிருக்கும் ஒரு நர்சரிக்குப் போனேன். திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு இறங்கிய குடும்பம் ஒன்று, தலையில் சந்தனம் காயாமல், ரோஜாச்செடி பேரம் பேசிக்கொண்டிருந்தது. நர்சரிக்கார அம்மா என்னைக் கண்டதும் பளபளவென்று ஒரு செடியைத் தூக்கி நீட்டி, தெலுங்கும் தமிழும் கலந்து அடித்தார்.

"தீஸ்கோ சார், எடுத்துக்கோ. ஒக்க புருகு கூட ராது. ஒரு பூச்சி கிட்ட வராது. வாரா வாரம் மந்து அடிக்கிறோம்."

"எனக்குப் பூச்சி துன்ற செடி வேணும்மா."

அவர் காதில் விழாதவர் போல அடுத்த செடியை எடுத்தார். அதற்கும் அதே பெருமை. அதற்கடுத்ததற்கும் அதே. கடைசியில் நான் பொறுமையிழந்து, "இலையில ஓட்டை இருக்கணும்மா. நல்லா கடிச்சு வெச்சிருக்கணும்" என்றேன். பேரம் நின்றுவிட்டது. மொட்டைத் தலைகள் ஐந்தும் என் பக்கம் திரும்பின. அம்மாவுக்கு முகம் சிவந்தது.

"இன்னா சார், எங்க நர்சரிய அசிங்கப்படுத்த வந்தியா? இங்க ஓட்டைச் செடியே கெடையாது!"

நத்தை விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் என்னைச் சீக்கிரம் அனுப்பினால் போதும் என்றிருந்திருக்க வேண்டும். பின்னால் மோட்டார் தண்ணீர் ஒழுகும் இடத்துக்குப் போய், ஒரு பழைய பெயின்ட் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். பொன்னாங்கண்ணி. இலையெல்லாம் கடிபட்டிருந்தது.

"இது எங்க வூட்டுப் பொரியலுக்கு. இதுக்கு மட்டும் மந்து அடிக்கிறது இல்ல. எடுத்துக்கினு போ. ஓட்டைக்குத் துட்டு வாங்குனா ஊரே சிரிக்கும்."

வீட்டுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் இலை இலையாகப் புரட்டி எண்ணினேன். பதினான்கு ஓட்டை. திருப்திதான். ஆனாலும் மனம் ஆறவில்லை. கொடுப்பவர் வாய்ப்பேச்சை நம்பிப் பொருளை லைனில் ஏற்றக்கூடாது என்பது எங்கள் பிழைப்பின் பாலபாடம். பக்கத்துச் செடிகளுக்கு அடித்த மருந்து இதன்மேல் தெறித்திருந்தால்?

எந்தக் கீரை வந்தாலும் எங்கள் வீட்டில் செய்வதைச் செய்தேன். வாளித் தண்ணீரில் இரண்டு கை கல்லுப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள் தூள். செடியைத் தலைகீழாகப் பிடித்து நன்றாக முக்கி அலசினேன். மீதித் தண்ணீரை வேரில் ஊற்றாத அளவுக்குக் கடவுள் புத்தி கொடுத்திருந்தார். செடியைத் தொட்டியில் நட்டுவிட்டுக் கம்பீரமாக நின்றேன்.

மூன்று நத்தைகள் ஏறின. ஏறிய வேகத்தில் ஓட்டுக்குள் சுருங்கிக் கீழே விழுந்தன. ஓட்டு வாயோரம் நுரை தள்ளியது. செடியிலிருந்து சொட்டிய தண்ணீர் பட்டு, மண்ணிலிருந்த மற்ற இரண்டும் சுருங்கின.

நத்தை மேல் உப்புப் போடக்கூடாது என்று இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். கீரை அலசுகிற உப்பும் அதே உப்புதான் என்பது மட்டும் அந்தக் கணம் வரைக்கும் உறைக்கவில்லை. ஐந்தையும் நல்ல தண்ணீரில் கழுவினேன், மண்ணை மாற்றினேன், செடியை ஏழு வாளி தண்ணீரில் அலசினேன். ஏழாவது வாளியில் போன் அடித்தது.

தினமும் சாயங்காலம் அவள் கேட்பது இரண்டே கேள்வி.

"அதுங்க துன்னுச்சா? நீ துன்னியா மாமா?"

வரிசையைக் கவனிக்க வேண்டும். "துன்னுச்சுங்க, நானும் துன்னேன்" என்றேன். இரண்டும் பொய்.

மறுநாள் காலையிலும் எதுவும் அசையவில்லை. ஷிஃப்டில் பெரிய கீறல் விழுந்த பீஸை ஓகே என்று தள்ளிவிட்டு, பக்கத்து டேபிள்காரரிடம் மாட்டிக்கொண்டேன். ஐந்து உயிர். அவளுக்குச் சத்தமில்லாமல் கிடைத்த ஒரே விஷயம். அதை நான் சுத்தம் செய்தே கொன்றுவிட்டேனே என்று கேன்டீனில் தட்டை வெறித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாள் அவள் வருவதாக இருந்தது. அன்று காலையில் தொட்டி முன் குந்தி, வேறு வழி தெரியாமல் ஓட்டைகளை மறுபடி எண்ணினேன். பதினைந்து. எங்கோ தப்பு என்று திரும்ப எண்ணினேன். பதினைந்தேதான். நுனி இலையில் ஓரம் இன்னும் ஈரமாக ஒரு புது ஓட்டை. அதன் அடியில் ஒரு நத்தை கொம்பை நீட்டிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஓட்டையைப் பார்த்து அழுதேன்.

மத்தியானத்துக்குள் ஐந்தும் வெளியே வந்துவிட்டன. சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுமுன் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். அவள் தொட்டி முன் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ துன்னியா மாமா?"

"முந்தாநேத்து காலைல துன்னது."

எழுந்துபோய் சூடாகச் சோறும் ரசமும் செய்து போட்டாள். ரசத்தில் உப்பே இல்லை. நான் உப்பு கேட்காமல் மூன்று முறை வாங்கித் துன்னேன்.