பூரணியக்காவின் காவல்

ஈரக் கையை முந்தானையில் துடைத்து, அது போதாதென்று அடுப்பு நெருப்பில் ஒரு சூடு காட்டிவிட்டுத்தான் பூரணியக்கா கணினிக்குப் பக்கத்திலேயே போவார். மேலே போர்த்தியிருக்கும் கம்பளியை எடுப்பார். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுகிற மாதிரி புறங்கையால் அதைத் தொட்டுப் பார்ப்பார். நுவரெலியாக் குளிரில் மனிதருக்கே எலும்பு நடுங்குகிறது, பாவம், அது மட்டும் என்ன செய்யும்? ஆரம்பத்தில் ஓடும்போதும் போர்த்தித்தான் வைத்திருந்தார். அது கொதித்துக் கொதித்து நின்றுபோனது. "அதுக்கு மூச்சு முட்டுதும்மா!" என்று மகள் கிருஷாந்தி தலையிலடித்துக்கொண்ட பிறகு, கம்பளி இரவுக்கு மட்டும் என்று ஏற்பாடு.

தேயிலைக் கொழுந்து பறிப்பது அவர் தொழில். கணினியில் தெரிந்தது ஒன்றே ஒன்று: திரையில் யாராவது எட்டிப் பார்த்தால் மூலையிலிருக்கும் பெருக்கல் குறியை அழுத்துவது. பரிசு விழுந்திருக்கிறது என்று வந்தாலும் சரி, வைரஸ் பிடித்திருக்கிறது என்று வந்தாலும் சரி, "ஒங்கள யாரு வரச் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே ஒரே அழுத்து. ஞாயிற்றுக்கிழமை அப்டேட் நடக்கும்போது வீட்டில் சுடுதண்ணிக்குக் கரண்ட் கேத்தல்கூடப் போடக்கூடாது. "அது எண்ண தேச்சு முழுகுது. யாரும் தொடாதீங்க" என்பார். இடி இடித்தால் முதலில் பிளக்கைப் பிடுங்குவார், காயப்போட்ட துணியெல்லாம் அப்புறந்தான்.

கீழ் வரிசை லயத்து வீட்டு முத்துலிங்கம், யாரோ போனில் கேட்டான் என்று திரையிலிருந்த எண்ணை வாசித்துக் காட்டி, அவன் அதை வைத்துக் கணினிக்குள் புகுந்ததில் தன் மகளின் கலியாணப் படங்களையெல்லாம் பறிகொடுத்தார். அன்றிலிருந்து அக்காவின் காவல் இரட்டிப்பாகிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை கிருஷாந்திக்கு, வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்று கைக்கு எட்டுகிற நேரம். கொழும்பு அலுவலகத்து ஆள் பதினொரு மணிக்குப் போன் எடுத்து, அங்கிருந்தபடியே இந்தக் கணினியைச் சோதிப்பாராம். தேறினால் வேலை, தேறாவிட்டால் அடுத்தவருக்கு. அக்கா அன்றைய வேலைக்குக் காலைப் பெரட்டில் பேர் கொடுக்கக்கூடப் போகாமல் வீட்டிலேயே நின்றார். எல்லாவற்றையும் திறந்து தயாராக வைத்துவிட்டு மகள் வெளியே மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலியில் குளிக்கப் போனாள். போன் பத்து மணிக்கே அடித்தது.

"அம்மா, நான் சுதாகரன், கம்பெனியில இருந்து பேசுறேன். ஸ்கிரீன்ல ஒரு நம்பர் இருக்கும், அத மட்டும் சொல்லுங்க."

"அது இருக்கட்டும். தம்பி எந்தத் தோட்டம்?"

"தோட்டம் இல்லம்மா. கொழும்பு."

"கொழும்புக்கு முன்னாடி?"

மறுமுனையில் குரல் இறங்கி வந்தது. "அப்பா தலவாக்கலப் பக்கம்."

"எந்த டிவிசன்? யாரு மகன்?"

"மேல் டிவிசன். கணேசமூர்த்தி மகன்."

"ஆத்தாடி! பெக்டரியில மெசின் ஓட்டுனாரே, அவரா? எங்க சின்னம்மா வாழ்ந்த தோட்டமாச்சே அது! அம்மா சொகமா இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா. அந்த நம்பர்..."

"தங்கமான குடும்பம், ஒரு கொற சொல்ல முடியாது. நம்பர் மட்டும் சொல்ல மாட்டேன் தம்பி."

"இப்ப முடியலன்னா நான் அடுத்த ஆளுக்குப் போகணும்மா" என்றார் சுதாகரன், அழாத குறையாக.

பிள்ளையின் பிழைப்பைக் கெடுத்துவிடுவோமோ என்று அக்கா யோசித்தார். ஆனாலும் போனை வைக்கவுமில்லை, எண்ணைச் சொல்லவுமில்லை. வாசலுக்கு வந்து, லயமே திரும்பிப் பார்க்கிற மாதிரி மகளைக் கூப்பிட்டார்.

கிருஷாந்தி தலையில் சோப்பு நுரையோடு ஓடி வந்தாள். பின்னாலேயே ஜன்னலில் நாலு தலைகள்.

"ஐயோ அம்மா, இவருதான் அந்த ஆளு! சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"ஒன் வேல, ஒன் வாயால சொல்லு."

போனை அவளிடம் கொடுத்த அக்கா, ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார். பிறகு திரையிலிருந்த எண்ணின்மேல் உள்ளங்கையை அகல விரித்து அப்பிக்கொண்டார். கிருஷாந்தி அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாய் விலக்கி, ஒவ்வொரு இலக்கமாய் வாசித்தாள். வாசித்து முடித்த இலக்கத்தின்மேல் அந்த விரல் உடனே வந்து மூடிக்கொண்டது.