போருக்குள் இறங்கிய கேமரா

திகில் கதைகளைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். பேய்க் கதைகள் பிடிப்பதில்லை. பேய் இல்லை என்று முடிவு செய்துவிட்டால் பயமும் போய்விடும். நான் தேடிப் படிப்பவை வேறு வகை. ஒருவர் பனிப்பாறையில் துளை போடுகிறார், அல்லது நுண்ணோக்கியில் கண்ணை வைக்கிறார். பார்த்ததை நம்பாமல் மறுபடி சோதிக்கிறார். கணக்கு சரியாகவே வருகிறது. பயம் அங்கே தொடங்குகிறது.

அந்தக் கதைகளில் ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஒட்டாது. கண்டுபிடித்தவர் கடைசியில் எல்லாவற்றையும் மறைக்கப் பார்ப்பார். யாரும் இங்கே வராதீர்கள் என்று கெஞ்சுவார். எதற்கு? தெரிந்துகொண்டால் மனிதர்கள் அதற்கேற்ப நடந்துகொள்வார்களே என்று நினைப்பேன். போன கோடையோடு அந்த நினைப்பு போயிற்று.

என் மனைவியின் அண்ணனுக்குச் செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகும் வழியில் நிலம். திறந்த கிணறு வற்றி வெகு காலமாகிறது. ஆழ்துளைப் போர் தண்ணீரில்தான் கரும்பு நின்றது. வெட்டுவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது மோட்டார் தண்ணீரும் காற்றுமாகத் துப்ப ஆரம்பித்தது. அந்தக் கரும்பு காய்ந்தால் மச்சானுக்கு அந்த வருட வருமானமே இல்லை.

நிலத்தடி நீரை ஆராயும் ஒரு பெண், சில மாதங்களுக்கு முன் அந்தப் பக்கத்துப் போர்களிலிருந்து பாட்டில்களில் தண்ணீர் எடுத்துப் போயிருந்தார். போருக்குள் இறக்கும் கேமரா அவரிடம் இருப்பதாகத் தெரிந்து மச்சான் வரவழைத்தார். மோட்டாரையும் குழாய்களையும் வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் ஒரு சின்னத் திரை. மச்சான், பக்கத்து நிலத்துக்காரரான அவருடைய பங்காளி, நான், மூவரும் குனிந்து பார்த்தோம்.

முதலில் போரின் வாயில் பதித்திருந்த இரும்புக் குழாயின் துரு. பிறகு பாறை. சாம்பல் நிறத்தில், ஈரமே இல்லாமல் இறங்கிக்கொண்டே போனது.

“இன்னாம்மா, உள்ள பாம்பு கீம்பு இருக்குதா?” என்றார் பங்காளி.

“இருந்தா உன் பேரைச் சொல்லிக் கூப்புடும், இரு,” என்றார் மச்சான். சிரித்தோம்.

முந்நூறு அடிக்குக் கீழே பாறையில் ஒரு வெடிப்பு வந்தது. கை நுழையும் அகலம். கேமரா நின்று அதற்குள் திரும்பியது. வெளிச்சம் போன தூரம் வரை ஒன்றும் இல்லை.

“இதான் உங்க ஊத்து. இப்ப காலி,” என்றார் அந்தப் பெண்.

“மழை பெய்ஞ்சா ஊறிடும்ல?” என்று மச்சான் கேட்டார்.

“மேல பெய்யற மழை இவ்ளோ ஆழத்துக்கு வரலீங்கய்யா. பாட்டில்ல எடுத்துட்டுப் போனோமே, அதோட வயசைப் பாத்துட்டோம். அது மழையா விழுந்து பல ஆயிரம் வருஷம் ஆவுது.”

“கோட்டை ராஜா காலத்துத் தண்ணின்னு சொல்லு,” என்றார் பங்காளி.

“கோட்டைக்கெல்லாம் ரொம்ப முன்னாடிங்க. அப்ப இங்க ஊருன்னே ஒண்ணு இருந்திருக்காது.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கேமரா அடிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இன்னொரு வெடிப்பு, கொஞ்சம் கறுத்த தண்ணீர்.

“மிச்சம் இவ்ளோதான். சுத்தி இருக்கற போர் எல்லாமே இதுலேர்ந்துதான் எடுக்குது. எல்லாரும் பேசி அளவா இறைச்சா, குடிக்கவாவது ரொம்ப நாள் வரும்.”

மச்சான் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரைமேல் போட்டார். வெயில் படுகிறது என்பதுபோலச் செய்தார். “இத வேற யாருக்கும் காட்டாதம்மா,” என்றார்.

“நான்தான் பாத்துட்டனே,” என்றார் பங்காளி. அவருடைய வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

“மாப்ள, அவன் எங்க போறான் தெரியுமா? போர் போடற வண்டி ஏஜென்ட்டு வூட்டுக்கு.”

“ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க, மச்சான். மாத்தி மாத்தி இறைக்கலாம்.”

“நான் வுட்டா அவன் உறிஞ்சிடுவான். அவன் வுட்டா அதுக்கு அந்தாண்ட இருக்கறவன். தெரியாம இருந்த வரைக்கும் எல்லாரும் ஒழுங்காத்தான இருந்தோம்?”

என் கதைகளில் வருபவர் ஏன் கெஞ்சுகிறார் என்று அந்த வேப்பமரத்தடியில்தான் விளங்கியது. கீழே என்ன இருக்கிறது என்பதற்காக அல்ல. அதைக் கேட்டவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த வாரமே இரண்டு நிலங்களிலும் போர் வண்டிகள் நின்றன. மச்சான் பழைய துளையையே இன்னும் ஆழமாக்கச் சொல்லியிருந்தார். தங்கை வீட்டுக்காரன் என்ற மரியாதைக்காகத் தேங்காயை என் கையில் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். கரும்பின் அடி இலைகள் பழுத்திருந்தன. உடைத்தேன்.

துளையில் கிடந்த கறுத்த தண்ணீர் ஒரே பீச்சலில் மேலே வந்து மண்ணில் கொட்டியது. அதற்குப் பிறகு பாறைத்தூள் மட்டுமே. எங்கள் தலையிலும் கரும்புத் தோகையிலும் வெள்ளையாகப் படிந்தது. துளைக்கும் ராடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்து இறக்கி, ஆயிரம் அடி தாண்டியும் ஈரம் இல்லை. வண்டிக்காரர் இன்ஜினைத் தணித்து, “நிறுத்திடலாமாண்ணா?” என்று கத்தினார்.

மச்சான் கையை உயர்த்தி அவரை இருக்கச் சொல்லிவிட்டு, வரப்புக்கு அந்தப் பக்கம் காதைக் கொடுத்தார். அங்கே இரைச்சல் ஓயவில்லை.

“அவன் நிறுத்தலியே,” என்றார். “இன்னொரு ராடு போடு.”