பீரோவுக்குள் போன சிலிகான் பட்டை

புதிதாக எதை வாங்கினாலும் கவரைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் வைப்பது அத்தையின் வழக்கம். அவர் வேலை பார்க்கும் சலவைக் கடையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட புண் ஆறியபின், வலது மணிக்கட்டில் தழும்பு தடித்து இறுகியது. தோல் டாக்டர் சிலிகான் பட்டை கொடுத்தார். தினமும் பன்னிரண்டு மணி நேரம், மூன்று மாதம் ஒட்டியிருந்தால் தழும்பு இளகும், இல்லாவிட்டால் கையை மடக்குவதே கஷ்டம் என்றார். அத்தை தலையாட்டினார்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பட்டை பீரோவில் இருந்தது.

“ஏன் அத்தை ஒட்டல?”

“புதுசுடா. வேலைக்குப் போட்டா வீணாயிடும்.”

“கை வீணானா பரவாயில்லையா?”

“படிச்சிட்டோம்னு வக்கீல் மாதிரி பேசாத. விசேஷத்துக்குப் போறப்போ ஒட்டிக்கிறேன்.”

வீட்டின் முதல் பட்டதாரி நான்; ஒரு பட்டையை ஒட்டவைக்க முடியவில்லை.

நேற்று கடையில் சட்டைக் காலரைத் தேய்க்க மணிக்கட்டு வளையாமல் அத்தை இடக்கைக்கு மாறினார். டாக்டரிடம் ஒப்புக்கொண்ட மூன்று மாதத்தில் இன்னும் ஒரு நாள்கூட அத்தை பட்டையை ஒட்டவில்லை.