கரும்பலகையை எனக்குப் படித்துச் சொன்னவள்

அலுவலக நாற்காலியில் கழற்றி வைத்திருந்த கண்ணாடியின் மேல் நானே உட்கார்ந்துவிட்டேன். ஆவணங்களை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்த்து எழுதும் வேலை எனக்கு. கண்ணாடி இல்லாமல் ஒரு வரி நகராது. மதியம் அனுமதி வாங்கிக்கொண்டு, மருத்துவர் தந்த சீட்டுடன் அடுத்த தெருக் கண்ணாடிக் கடைக்குச் சுவரை ஒட்டியே நடந்து போனேன்.

"மைனஸ் நாலரை, ரெண்டு கண்ணுக்கும்," என்று சீட்டைப் படித்த முதலாளி உள்பக்கம் திரும்பினார். "ரேடியோ, கொஞ்சம் வா. அளவு எடுக்கணும்."

அந்தப் பெயரைக் கேட்டதும் நானும் உள்பக்கம் திரும்பினேன்.

உள்ளேயிருந்து ஒரு நீல உருவம் வந்து என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தது. முகம் தெரியவில்லை. "ஆடாம என் இடது கண்ணை மட்டும் பாருங்க," என்றது. உதடு அசையாமல், பாதி மூக்கால் வரும் குரல். ஐந்தாம் வகுப்பு முழுக்க என் வலது காதில் கேட்டுக்கொண்டிருந்த குரல்.

என் மூக்கின் மேல் சிறிய அளவுகோலை வைத்து, இரு கண்மணிகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பார்த்தாள். ஒரு சாண் தொலைவில் அவள் முகம் தெளிந்தது. அவளேதான். "அறுபத்தொண்ணு," என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். என்னை அடையாளம் தெரிந்ததா என்று புரியவில்லை.

உள்ளே லென்ஸ் தேய்க்கும் சக்கரம் சுழலத் தொடங்கியது.

"முக்கால் மணி நேரம் ஆகும் மேடம்," என்றார் முதலாளி. "அவ கையில லென்ஸ் ஓரம் சில்லு பேராது. பன்னெண்டு வருஷமா தேய்ச்சுத் தேய்ச்சு விரல்ல ரேகையே போயிடுச்சு. வருகைப் பதிவு மெஷினே தினம் நீ யாருன்னு கேக்குது."

"ரேடியோன்னு கூப்பிட்டீங்களே..."

"பள்ளிக்கூடத்துல வெச்ச பேரு. வகுப்புல வாய் ஓயாதாம். பரீட்சையில பக்கத்துப் பொண்ணுகிட்ட விடை கேட்டு மாட்டினவ. இங்க நாள் முழுக்க நாலு வார்த்தை பேச மாட்டா. பேசினாலும் இந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?" சிரித்தார். எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்லிப் பழகிய சிரிப்பு. "பத்தாவதோட அவங்கப்பா நிறுத்திட்டாரு. காப்பியடிக்கிற கழுதைக்கு மேல படிப்பு எதுக்குன்னு."

பக்கத்துப் பெண் நான்தான்.

கண்ணாடி போட்ட என் அக்காவை வீட்டில் எல்லோரும் சோடாபுட்டி என்பார்கள். அதிகம் சொன்னது நான். அதனால் கரும்பலகை எனக்கு மங்கியபோது யாரிடமும் வாய் திறக்கவில்லை. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவளுடைய நோட்டைப் பார்த்தே எழுதினேன், பிழைகளையும் சேர்த்து. ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து நான் கேட்காமலேயே, பலகையில் விழுவதையெல்லாம் முணுமுணுப்பாகப் படித்துச் சொன்னாள். ரேடியோ என்ற பெயர் அப்படி வந்தது. ஏன் பேசுகிறாள் என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

பரீட்சைக் கேள்விகளும் பலகையில்தான். ஒரு நாள் டீச்சர் காதில் விழுந்துவிட்டது. அவள் எழுந்து நின்றாள். "உங்கிட்ட விடை கேட்டாளா?" என்று டீச்சர் என்னிடம் கேட்டார். இல்லை என்றால் வேறென்ன சொன்னாள் என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் தாளைக் கிழித்தார்கள். என்னை ஒரே ஒரு முறை பார்த்தாள், அப்போதும் காட்டிக்கொடுக்கவில்லை. அவளைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்கள். வகுப்பிலேயே அமைதியான மாணவி என்று அந்த வருடம் எனக்குப் பரிசு. இரண்டு மாதத்தில் கண்ணாடியும் வந்துவிட்டது.

சக்கரம் நின்றது. அவள் வந்து கண்ணாடியை என் முகத்தில் மாட்டினாள். ரேகையில்லாத விரல்கள் வழவழவென்று கன்னத்தில் பட்டன.

"காதுக்குப் பின்னாடி உறுத்துதா?"

"இல்ல."

"சுவத்துல கடைசி வரியைப் படிங்க."

படித்தேன்.

"நல்லா தெரியுதுல்ல. அப்பவே மைனஸ் ரெண்டு, ரெண்டரை இருந்திருக்கும்," என்றாள், உதடு அசையாமல்.

அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் முக்கால் மணி நேரம் முதலாளி பேசியதை உள்ளே கேட்டுக்கொண்டு லென்ஸைத் தேய்த்திருக்கிறாள்.

முதலாளியின் பக்கம் திரும்பினேன். "அவ விடை கேக்கல சார். அந்தப் பக்கத்துப் பொண்ணு நான்தான். எனக்குப் போர்டு தெரியாது, கேள்வியைப் படிச்சுச் சொன்னா. டீச்சர்கிட்ட நான் பொய் சொன்னேன்."

"அட, சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம் மேடம்," என்று அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அவள் என் கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். மறுபடியும் நீல உருவமானாள்.

"எங்கப்பா போய் மூணு வருஷம் ஆச்சு," என்றாள். "அவர் இருந்தப்ப வந்து சொல்லியிருக்கலாம்ல நீ."

அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"இடது பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கு. உட்காரு, சரி பண்ணித் தரேன்." உள்ளே போனாள்.

உட்கார்ந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு யாரோ உள்ளே வந்து, கண்ணாடியின் மூக்குப்பட்டை உடைந்துவிட்டது என்றார்கள். முதலாளி உள்பக்கம் திரும்பி, "ரே..." என்று கூப்பிட வாயெடுத்தார், நிறுத்திக்கொண்டார். பிறகு தானே எழுந்து போய் உள்கதவைத் தட்டினார்.