சித்தி நிறுத்தி வைத்த அருவி

சித்தி வீட்டு முன்விறாந்தைச் சுவரில் ஓர் அருவியின் படம் தொங்குகிறது. பதுளைப் பக்கம் அவர் பிறந்த வீட்டு வாசலில் நின்றால் தெரியும் அருவி அது. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே வெள்ளையாக விழுந்துகொண்டே இருக்கும். சுன்னாகத்துக்கு அருகே செம்மண் பூமியான எங்கள் ஊரில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. அதற்காக யாராவது எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

சித்தப்பாவின் கலியாணத்துக்குப் போனபோது பெண்வீட்டார் முதலில் அந்த அருவியைத்தான் காட்டினார்கள். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். மாப்பிள்ளை மட்டும் முகத்தைச் சுருக்கி, "இண்டைக்கு ஆரின்ரை முறை? உப்பிடித் திறந்து விட்டிட்டுப் போட்டினமே!" என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை, பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. எங்கள் ஊரில் பல வீடுகளுக்கு ஒரு பங்குக் கிணறு. தோட்டத்துக்கு இறைக்க ஒவ்வொருவருக்கும் ஒரு முறை உண்டு. தண்ணீர் வீணே ஓடுவதைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கை பரபரக்கும். பெண்வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. "முறைன்னா என்ன?" என்று கேட்டார்.

"அருவிக்கரையில வளர்ந்தவள், உந்தச் செம்பாட்டு மண்ணில நிண்டு பிடிப்பாளோ?" என்று அயலில் கதைத்தார்கள். முதல் கோடையிலேயே சோதனை வந்தது. வெங்காயம் திரளும் நேரம், கிணறு வற்றிக்கொண்டிருக்க, சித்தப்பா காய்ச்சலில் விழுந்தார். முறையைத் தவறவிட்டால் பயிர் கருகிவிடும். சித்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறைக்கும் மெசினை இயக்கினார். மண்வெட்டியால் வாய்க்காலைத் திறந்தும் அடைத்தும் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் விட்டார். ஒரு பாத்தி மிச்சமிருக்க, அடுத்த முறைக்காரரான அயல்வீட்டு மாமா வரம்பில் வந்து நின்றார். நேரம் முடிந்துவிட்டது. காய்ந்த பாத்தியை ஒருதரம் பார்த்துவிட்டுச் சித்தி மெசினை நிறுத்தினார்.

"உந்தப் பாத்திக்கும் விடு பிள்ளை. நான் பிறகு இறைக்கிறன்" என்றார் மாமா. அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் சித்தியை அருவிக்கரைக்காரி என்று சொல்லவில்லை.

இந்த வருடம் சித்தியின் அண்ணன் வந்திருந்தார். படத்தைக் கண்டதும், "பாவம் தங்கச்சி, அருவிய படத்துல பார்த்துக்கிட்டு இருக்கே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அன்று சித்தி வீட்டு முறை. சித்தி அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் மெசினை இயக்கினார். தடித்த குழாயிலிருந்து தண்ணீர் இரைச்சலோடு தொட்டிக்குள் விழுந்தது. சுற்றிவர வெங்காயப் பச்சை, அப்பால் புகையிலை, வேலியோரம் பனைகள். அண்ணன் முகத்தைக் கழுவினார், தலையையும் நனைத்தார், சின்னப்பிள்ளை போலச் சிரித்தார்.

முறை முடியும் நேரம் சித்தி மெசினை நிறுத்தினார்.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டுமே" என்றார் அண்ணன்.

"ஏலாது அண்ணே. இனி மற்ற ஆக்களின்ரை முறை. உங்கடை அருவியை ஒருத்தராலும் நிப்பாட்டேலாது. எங்கடை அருவி நாங்கள் சொன்னா நிக்கும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீடு திரும்பியதும் அண்ணன் ஈரத்தலையோடு அந்தப் படத்தின் முன்னால் மறுபடி நின்றார். மன்னிப்புக் கேட்பவர் போலச் சொன்னார்:

"இது சும்மாதான் ஓடிக்கிட்டிருக்கு, தங்கச்சி."