பார்க்காத ஆற்றுக்குப் பூஜ்யம்

1. புள்ளிகள் கரையேறிய நாள்

திருவனந்தபுரத்தில் கரமனை ஆறு கடலைச் சேரும் இடத்துக்குச் சற்று மேலே மணலைத் தூர்வார அனுமதி கேட்டிருந்தார்கள். ஆற்றடியில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று கணக்கெடுக்கும் பணி, நான் வேலை பார்த்த ஆலோசனை நிறுவனத்துக்கு வந்தது. உப்புத்தன்மை, ஆழம், மணலின் பருமன் ஆகியவை மாற மாற உயிரினங்களும் இடம் மாறும். ஆகவே நமக்கு வசதியான இடத்தை நாமே தேர்ந்தெடுக்கக் கூடாது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும் ரேண்டம் பாயிண்ட் ஒவ்வொன்றிலும் குவாட்ரட் என்னும் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் உள்ள மணலைத் தோண்டிச் சலித்து எண்ண வேண்டும்.

முதல் நாளே பெரும்பாலான பாயிண்டுகள் தண்ணீருக்குள் விழுந்தன. படகுக்கு ஏற்பாடு இல்லை. எங்கள் திட்டத் தலைவர் கரமனைத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். குரலை உயர்த்தாமல், மலையாளம் கலந்து பேசுவார்.

"ஆத்துக்குள்ள இறங்க வேண்டாம், கேட்டியா. ஒருத்தன் முங்கிப் போனா யாரு சமாதானம் சொல்றது? எல்லாத்தையும் கரைக்கு மாத்திக்கோ."

"கரை முழுக்கச் சேறு சார். மட்டிச் சிப்பி மணல்லதான் இருக்கும். ரிசல்ட் தப்பா வருமே."

"ரிமார்க்ஸ்ல எழுதிடு. அது மதி, போதும்."

எழுதினேன். ஒவ்வொரு பாயிண்டுக்கும், "இடம் மாற்றப்பட்டது, ஆற்றடி பார்க்கப்படவில்லை" என்று.

அங்கே மட்டி வாரி விற்றுப் பிழைத்த செல்வி அக்கா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மார்பளவு தண்ணீரில் நின்றபடி எங்களைப் பார்த்துச் சிரித்தார். "ஏ தாயி, சட்டம் நனையாமலே ஆத்த அளந்துருவீகளோ?"

2. வெள்ளை வரைபடம்

அறிக்கையின் வரைபடத்தில் ஆற்றின் அந்த நீளம் முழுவதும் வெள்ளையாக இருந்தது; வெள்ளை என்றால் உயிரினம் பூஜ்யம். தரவை ஏற்றிய அட்டவணையில் ரிமார்க்ஸ் என்ற பத்தியே இல்லை. கரைச் சேற்றில் கிடைத்த பூஜ்யங்கள், ஆற்றுப் பாயிண்டுகளின் பழைய வரிசை எண்களோடு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. முடிவுரையோ, ஆற்றடியில் குறிப்பிடத்தக்க உயிரினம் ஏதுமில்லை என்றது.

"திருத்தணும் சார்."

"ரிப்போர்ட் போயாச்சு. நீ வெறுதே டென்ஷன் ஆகாதே."

ஞாயிற்றுக்கிழமை செல்வி அக்காவின் வள்ளத்தில் போய், விடுபட்ட பாயிண்டுகளில் நானே சட்டத்தை இறக்கினேன். அவர் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டார். மட்டி நிறைந்த சல்லடை தூக்க முடியாதபடி கனத்தது.

"இதப் பாத்த பொறவு மெசின விடமாட்டாக, இல்ல?"

"குடுத்துப் பாக்கறேன்க்கா."

படங்களோடு அனுமதி வழங்கும் அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஒப்புதல் பெற்ற முறையில் எடுக்கப்படாத தரவு, ஏற்க இயலாது என்று பதில் வந்தது. தண்ணீரில் கால் வைக்காமல் ஆற்றை அளந்தது ஒப்புதல் பெற்ற முறையாக இருந்தது. மழைக்கு முன்பே தூர்வாரும் இயந்திரம் வந்துவிட்டது. மட்டிப் படுகை, மணலோடு மணலாக லாரியில் ஏறிப் போயிற்று.

3.

பிறகு ஒருநாள், நகருக்குள் பழவங்காடியில் ஓர் ஓட்டலின் பின்கட்டில் செல்வி அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். கையை நிறுத்தாமலே கேட்டார்.

"மட்டியே இல்லன்னு எழுதுனது ஒங்க ஆபீசுதான?"

"ஆமாக்கா."

"எறங்கிப் பாத்தாகளா?"

"இல்ல."

"பாக்காமலே இல்லன்னு எழுதலாமாக்கும். படிச்சவுக நீங்க சொன்னாச் சரிதான்." அடுத்த அண்டாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இத்துறைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். போக முடியாத பாயிண்டை நகர்த்தாதீர்கள். அட்டவணையில் அதன் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். வெறுமையைக் கண்டால் ஏன் என்று கேட்க ஒருவராவது இருப்பார். பூஜ்யத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. அதன்மேல் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள்.